உச்சிப்பேயும் ஒத்தக்காது பூனையும்

ஒரே ஒரு ஊர்ல, மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டுனாலும் இந்தப் பக்கம் மண்ணு நனையாத ஒரு ஊர்ல, ஒச்சம்மான்னு ஒருத்தி இருந்தா. அவ புருசன் வீரணன், ஆடு மேய்க்கிறவன். மாமியா பேரு சின்னாத்தா. அவ வாயைத் தொறந்தா அடுத்த தெருவுல நாய் எந்திரிச்சு ஓடும், அப்பேர்ப்பட்ட வாய்.

அந்த ஊர்ல ஒரு உச்சிப்பேய் இருந்துச்சு. ராத்திரிப் பேய் இல்லடா, கதவைக் கதவைப் பாக்காத. இது பட்டப்பகல்ல, காக்காகூட நெழலுக்குப் போயிர்ற உச்சிவெயில்ல வரும். வந்து, நமக்கு வேண்டியவுக குரல்ல வாசல்ல நின்னு கூப்பிடும். ‘ஏன்’னு கேட்டுட்டோமா, போச்சு. பதில் எங்கருந்து வருதோ அங்க நொழைஞ்சே தீரணும், அது அதோட விதி. நொழைஞ்சு, மடிப்பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிரும். ஆனா அதால ரெண்டு தடவைக்கு மேல கூப்பிட முடியாது. அதனால அந்த ஊர்க்காரவுக உச்சிப்பொழுதுல பெத்த ஆத்தாளே கூப்பிட்டாலும் மூணாவது குரலுக்குத்தான் ‘ஏன்’ம்பாக. அடுப்புக்கு நெருப்பு கேட்டு வந்தாலும் மூணு குரல், வீடு பத்தி எரியுதுன்னு சொல்ல வந்தாலும் மூணு குரல். என்ன சிரிப்பு? பிள்ளையைப் பறிகுடுத்தவ சிரிப்பாளா?

ஒச்சம்மா ரெண்டைப் பறிகுடுத்தவ. மூத்தது ரெண்டு வயசு, ‘ஆத்தா’ங்கிற ஒரு வார்த்தைதான் பேசப் பழகியிருந்துச்சு. அடுத்தது தொட்டில்ல கெடந்தது. ரெண்டு தடவையும் தூக்கக் கலக்கத்துல ‘ஏன்’னு கேட்டுட்டா பாவி. அதனால மூணாவது பொறந்ததும் கொண்டுபோயி குப்பைமேட்டுல உருட்டி எடுத்து, குப்பாயின்னு பேரு வச்சா. குப்பைன்னா எமனுக்கும் ஆசை வராது பாரு, அதுக்குத்தான்.

பிள்ளையைத் தூக்கிக்கிட்டுத் திரும்புறா, பின்னாடியே ஒரு பூனை வருது. எலும்பும் தோலுமா, ஒரு காது பிஞ்சு, மேலெல்லாம் சாம்பலு. சூ சூன்னு வெரட்டுறா, நிக்கிது; நடந்தா நடக்குது.

“சனியனை எதுக்குடி கூட்டியாந்த?”ன்னு சின்னாத்தா கத்துனா.

“எம்பிள்ளை பெரண்ட குப்பையிலதான் இதுவும் பெரண்டு கெடந்துச்சு அத்தை. இருந்துட்டுப் போகட்டும்”னு சொல்லி, ஒச்சம்மா பூனையை அடுப்பைச் சுத்தி மூணு சுத்து சுத்தி, நெத்தியில சாம்பலைத் தொட்டு வச்சு, தன் கஞ்சியில ஒரு கை ஊத்துனா. “இந்த வீட்டு அடுப்பைப் பாத்துட்ட, இனி நீ இந்த வீட்டு ஆளு”ன்னா. அவ்வளவுதான், தத்தெடுத்தாச்சு. அன்னையிலருந்து வீரணன் சத்தம் தெருமுனையில கேட்டாப் போதும், ஓடிப்போயி காலை ஒரசிக்கிட்டே வரும்.

இப்படி இருக்கையில ஒரு நாள் உச்சிவெயில். வீரணன் மேய்ச்சலுக்குப் போயிட்டான், சின்னாத்தா களையெடுக்கப் போயிட்டா. வாசல்ல வீரணன் குரலு. “ஏ ஒச்சம்மா, முள்ளு குத்திருச்சு, கதவைத் தொற!” ஒண்ணு. “ஏ ஒச்சம்மா!” ரெண்டு. பேசாம இருந்தா. “ஏ ஒச்சம்மா!” மூணு!

அட, மூணு குரல் வந்துருச்சேன்னு வாயைத் தொறக்கப் போனா. பூனையைப் பாத்தா, ஒரசப் போகலை. முடியெல்லாம் சிலுத்துக்கிட்டு, தொட்டிலுக்கு அடியில உர்ருங்குது. ஒச்சம்மா கையால வாயைப் பொத்திக்கிட்டா. கொஞ்சநேரத்துல வாசல்ல எதையோ உருட்டிக்கிட்டுப் போற சத்தம் கேட்டுச்சு.

அந்தி சாயவும் வந்த வீரணன் கால்ல முள்ளும் இல்ல, ஒண்ணும் இல்ல. “நான் எப்ப வந்தேன்? மூணு தரம் கூப்பிட்டுச்சுன்னா பேயா இருக்காது, எவனோ வெளையாடியிருக்கான்”னு போயிட்டான். விதியை அவ்வளவு நம்பிட்டாக.

மறுநாளும் உச்சிவெயில். இப்ப சின்னாத்தா குரலு. ஒண்ணு, ரெண்டு, மூணு. பூனை உர்ருங்குது, ஒச்சம்மா வாய் தொறக்கலை. சாயங்காலம் சின்னாத்தாகிட்டச் சொன்னா குதிகுதின்னு குதிச்சா. “என் குரலு பேய்க்குரலாடி? பூனை வந்து உனக்குப் புத்தி பெரண்டுபோச்சு!” மூணாம் நாள் விடியவும் பூனையைக் கோணிப்பையில கட்டி, ஆத்துக்கு அக்கரையில விடப் போயிட்டா.

உச்சிவெயில் வந்துருச்சு. பூனை இல்ல. வீட்டுல யாரும் இல்ல. பிள்ளையை மார்போட அணைச்சுக்கிட்டு நடுவீட்டுல உக்காந்திருக்கா. வாசல்ல உருட்டுற சத்தம் வந்து நின்னுச்சு.

“ஆத்தா...”

அவ மூத்தவ குரலு. மழலை மாறாம, அப்படியே.

ஒச்சம்மா பிள்ளையை இறுக்கிக்கிட்டா. பேயின்னு தெரியுது, நல்லாத் தெரியுது, ஆனா காலு நிக்கலை, எந்திரிச்சுப் போயி கதவு இடுக்குல பாத்தா. வாசல்ல நெடுநெடுன்னு ஒண்ணு, கணுக்கால் வரைக்கும் முடி, பாதம் தரையில படலை. முன்னாடி ஆள் ஒசரத்துல பாதி ஒரு மண்பானை. அதுக்கிட்டக் குனிஞ்சு கூப்பிடுது. அப்பத்தான் வெளங்குச்சு: பேயி கூப்பிடுறது ரெண்டு, மூணாவது பானையோட எதிரொலி!

“ஆத்தா...” ரெண்டு.

வெளங்கி என்ன செய்ய? பெத்த வயிறு கேக்குமா? “ஏ...”ன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. அதுக்குள்ள பானைக்குள்ள இருந்து, “மியாவ்!”

அக்கரையில விட்ட பூனை ஆத்தை நீந்தி, சொட்டச்சொட்ட வந்து, எப்பவோ பானைக்குள்ள எறங்கியிருக்கு!

பேயி முழிக்குது. பதில் வந்த எடத்துக்குள்ள போயே தீரணுமே! முடி போச்சு, தலை போச்சு, புகையாட்டம் நெளிஞ்சு நெளிஞ்சு முழுசும் உள்ள போச்சு. போறப்பவே மூஞ்சியைப் பொறாண்டிட்டுப் பூனை வெளிய பாய்ஞ்சுச்சு. ஒச்சம்மா பிள்ளையைக் கீழ போட்டுட்டு ஓடிவந்து, பானையைக் கவுத்து, அது மேல அருவாளை வச்சுட்டா. இரும்பு இருந்தா அது அசையாது.

சின்னாத்தா ஆத்தங்கரையிலருந்து திரும்பி வந்து பாத்தா. அன்னைக்கு மூடுன வாய்தான். அதுக்கப்புறம் அந்த வீட்டுல கஞ்சி கொதிச்சா முதக் கை பூனைக்குத்தான், ஊத்துறது யாரு? சின்னாத்தாதான்.

பானை இன்னும் கவுந்தே கெடக்கு. உச்சிவெயிலானா உள்ள இருந்து “ஆத்தா... ஆத்தா...”ங்கும். மூணாவதா பானை அதையே திருப்பிச் சொல்லும், பேயிதான் கேட்டுக்கிட்டுக் கெடக்கணும். ஒச்சம்மா தெனம் அந்த நேரத்துல குப்பாயியை மடியில போட்டுக்கிட்டு, சேலைத்தலைப்பை வாயில அடைச்சுக்கிட்டு அழுவா. பூனை அவ காலுமேல படுத்துக்கிடும். பதில் மட்டும் சொல்லவே மாட்டா.

அடுத்தவ பிள்ளைக்கு வச்ச பானையில தானே போயி விழுந்துச்சு பேயி. கதை கவுந்துபோச்சு, எல்லாரும் கண்ணை மூடுங்க.

எவன்டா அது என்னைக் கூப்பிடுறது? ரெண்டு தடவைதான் கூப்பிட்டிருக்க. இன்னொருக்கா கூப்பிடு, பெறகு ‘ஏன்’னு கேக்குறேன்.