கொழுந்தின் கண்ணும் குரங்கு மாமாவின் வெங்காயமும்

கேளுங்கள் பிள்ளைகளே! வைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லாத ஒரு காட்டில் பூவரசி என்ற மான் இருந்தாள். அந்தக் காட்டில் வைத்தியம் படித்தவர் ஒரே ஒரு நாரைதான். வைத்தியம் சொல்வதோ எல்லாரும்!

பூவரசிக்குத் தலைப்பிரசவம். பெண் குட்டி. கொழுந்து என்று பெயர் வைத்தாள். நல்ல துறுதுறுப்பான குட்டிதான். ஆனால் வெயில் பட்டால் போதும், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வீறிட்டு அழுவாள். பூவரசி பதறிப்போய் நாரை வைத்தியரிடம் ஓடினாள்.

வைத்தியர் கண்ணை நிதானமாகப் பார்த்தார். "இது லட்சத்துல ஒரு குட்டிக்கு வர்றதும்மா. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற திரை இவ கண்ணுக்குள்ள பிறவியிலேயே இல்லை. அதான் கூசுது. நிழல்ல வச்சு வளர்த்துக்க. அடிக்கடி கொண்டுவந்து காட்டு. கண்ணுல மட்டும் எதையும் ஊத்திடாதே, இருக்கிற பார்வையும் போயிடும்."

பூவரசி அழுதாள். அழுது முடித்ததும் தேக்கிலைகளைக் கோத்து ஒரு பந்தல் போட்டாள். அதன் கீழே கொழுந்து கண்ணைத் திறந்து அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அம்மாவுக்கு அது போதும். உறவுக்குப் போதுமா?

குட்டி பார்க்க ஒருநாள் எல்லாரும் திரண்டு வந்தார்கள்.

"கிரகணத்தன்னிக்கு வெளியே மேயப் போனியாடி?" உட்காருவதற்கு முன்பே கேட்டாள் நரி அத்தை.

"புதரை விட்டு வெளியவே வரல அத்தை."

"அப்ப உள்ளே தூங்கியிருப்பே. தூங்கவும் கூடாது!"

"நாரை என்ன மருந்து கொடுத்தான்?" என்று கேட்டார் கரடிப் பெரியப்பா.

"மருந்து இல்லை பெரியப்பா. நிழல்ல வைக்கச் சொன்னாரு."

"மருந்தே தராதவன் ஒரு வைத்தியனா? ரெண்டு சொட்டு தேன் விடு. என் தங்கச்சி பேத்திக்கு அப்படித்தான் சரியாச்சு."

"அவளுக்கும் கண்ணு கூசுச்சா?"

"இல்லை, அவளுக்கு இருமல்."

குரங்கு மாமா சும்மா வருவாரா? கையில் சின்ன வெங்காயத்தோடு வந்திருந்தார். "நசுக்கி நாலு சொட்டு விட்டா, கண்ணுல இருக்கிற கோளாறெல்லாம் தண்ணியா வடிஞ்சிடும்!" என்று சொல்லிக்கொண்டே கொழுந்தின் இமையைத் தூக்கப் போனார். கொழுந்து அலறினாள்.

பூவரசி பாய்ந்து குறுக்கே நின்றாள். முட்டித் தள்ளிவிடலாம் என்றால், உறவாயிற்றே! வந்த ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு சிரித்தாள்.

"மாமா, உங்க கைராசி காட்டுக்கே தெரியும். ஆனா குட்டி பயப்படுறா பாருங்க. முதல்ல உங்க கண்ணுல ஒரு சொட்டு விட்டுக் காட்டுங்களேன். பெரியப்பா, நீங்களும் அந்தத் தேனை..."

கரடிப் பெரியப்பாவுக்கு அந்த நிமிஷமே வீட்டில் அவசர வேலை வந்துவிட்டது. ஆனால் குரங்கு மாமாவை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானம் போகுமே!

"இதென்ன பிரமாதம்!" என்று வெங்காயத்தைக் கண்ணில் பிழிந்துகொண்டார்.

அவ்வளவுதான். "ஐயோ, அம்மா!" என்று எம்பிக் குதித்தார். கண்ணைத் திறந்தால் உச்சி வெயில் சுரீரென்று குத்தியது. "வெளிச்சம் தாங்கலையே! நிழல் எங்கே? யாராவது நிழலைக் காட்டுங்களேன்!" என்று தட்டுத்தடுமாறி ஓடி, தேக்கிலைப் பந்தலுக்குள் போய் விழுந்தார்.

கொழுந்து நகர்ந்து இடம் விட்டாள். "இங்கேயே இருங்க மாமா, இங்கே வலிக்காது. எனக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

பொழுது சாயும்வரை மாமா அந்த நிழலை விட்டு நகரவில்லை.

கரடிப் பெரியப்பாவா? பக்கத்துப் புதரில் முயலுக்குக் குட்டி பிறந்திருக்கிறதாம். தேன் சட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போயிருக்கிறார்.

நீதி: அடுத்தவர் பிள்ளையின் கண்ணில் ஊற்றத் துணியும் மருந்தை, முதலில் உன் கண்ணில் ஊற்றிப் பார்.