முதலாளியின் தற்காப்பு

ராஜபாளையத்தில் சதுரங்கம் என்றாலே மில் முதலாளி பூவநாதன்தான் என்றிருந்த காலம். கருப்புக் காய்களில் அவர் ஆடும் தற்காப்புத் தொடக்கத்தை யாரும் உடைத்ததில்லை. மாவட்டப் போட்டியின் கடைசிச் சுற்றில் அவர் எதிரே வந்து உட்கார்ந்தவள், அவர் மில்லிலேயே நூல் சுற்றும் மரகதவல்லி. டிரா ஆனாலே அவள் மாநிலப் போட்டிக்குப் போகலாம்.

"என் தற்காப்பை நானே நினைச்சாலும் உடைக்க முடியாதும்மா" என்றார் முதலாளி, கூட்டத்துக்கும் கேட்கும்படி.

"அப்படிங்களா முதலாளி" என்றாள் அவள்.

வெள்ளைக் காய் அவளுடையது. ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் தள்ளினாள். ஒன்றுக்கும் உதவாத நகர்த்தல் அது; முதலில் தாக்கும் வாய்ப்பை எதிராளிக்கே விட்டுக்கொடுப்பது. கூட்டம் சிரித்தது. முதலாளியும் சிரித்தபடி நடுச் சிப்பாயை நகர்த்தித் தாக்க ஆரம்பித்தார். அதற்கப்புறம் அவள் அடுக்கியதெல்லாம் அவருடைய தற்காப்பேதான், வெள்ளைக் காய்களில்.

அவர் எல்லாப் பக்கமும் முட்டிப் பார்த்தார். அரண் அசையவில்லை. கடிகாரத்தில் அவர் நேரம் கரைந்தது.

"என் ஆட்டத்தையே எனக்கு எதிரா ஆடுறியே?"

"உடைக்க முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க முதலாளி. இப்ப உடைச்சா உங்க வார்த்தை பொய்யாயிடும். உடைக்காட்டி நேரம் போய்த் தோத்துடுவீங்க. டிரா கேட்டா ஒத்துக்கறேன்."

பூவநாதன் கடிகாரத்தை நிறுத்தினார். "டிரா" என்று கையை நீட்டினார்.