அடங்காத தொண்டை

"இந்தத் தொண்டை அடங்கவே மாட்டேங்குது, மேடம்" என்றார் டாக்டர் தங்கமாரியப்பன்.

தொண்டைக்குச் சொந்தக்காரர் மிக்கேல். துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவர். குரல் கம்மி ஒரு மழைக்காலம் போய்விட்டது.

குரல்வளையில் ஒரு கட்டி. அதிலிருந்து நெல்மணி அளவு சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தால்தான் புற்றுநோயா இல்லையா என்று தெரியும். தெரிந்தால்தான் வைத்தியம்.

மயக்கம் கொடுத்து எடுக்கலாம் என்றால் அவருடைய இதயம் தாங்காது. நாற்காலியில் உட்காரவைத்து, விழித்திருக்கும்போதே எடுக்க வேண்டும்.

அதில் கை தேர்ந்தவர் டாக்டர் செண்பகவல்லி. தங்கமாரியப்பனைவிட வயதில் சின்னவர். கற்றுக்கொள்ளத் தங்கமாரியப்பன்தான் அவரைத் தேடி வந்திருந்தார். நோயாளியையும் கூட்டி வந்திருந்தார்.

"முந்தாநாள் என் தொண்டைக்குள்ள தூர் வாருனவரு இவருதாம்மா" என்றார் மிக்கேல். "சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"இன்னொரு தடவை செய்யுங்க சார். நான் பார்க்கிறேன்" என்றார் செண்பகவல்லி.

தங்கமாரியப்பன் மரத்துப்போகும் மருந்தை அடித்தார். கேமரா பொருத்திய மெல்லிய குழாயை மூக்கு வழியாக இறக்கினார். திரையில் கட்டி தெரிந்தது.

"வலிக்குதா அண்ணாச்சி?"

"இல்லைங்கய்யா."

தொண்டை மூடிக்கொண்டது. திரை இருண்டது.

"மூச்சு விட முடியுதா?"

"முடியுதுங்கய்யா."

இருமல். குழாய் வழியே நீட்டிய இடுக்கி காற்றைக் கடித்தது.

"பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன். நகருங்க."

செண்பகவல்லி மிக்கேலின் முன்னால் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நான் உங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டேன். முடியலன்னா நாற்காலிக் கையைத் தட்டுங்க. குழாயை உடனே எடுத்துடுவேன்."

"உடனேயேவா?"

"உடனே."

குழாய் உள்ளே போனது. பாதி வழியில் மிக்கேல் தட்டினார்.

செண்பகவல்லி உடனே எடுத்துவிட்டார்.

"ஏன், வலிச்சுதா?" என்று கேட்க வாயெடுத்தார் தங்கமாரியப்பன். செண்பகவல்லி திரும்பிப் பார்த்தார். தங்கமாரியப்பன் வாயை மூடிக்கொண்டார்.

செண்பகவல்லி குழாயைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார் மிக்கேல். "எடுக்கியளான்னு பாத்தேன். இப்பப் போடுங்க."

மறுபடி குழாய் போனது. கட்டி தெரிந்தது. இடுக்கி நீண்டது. மிக்கேலின் விரல்கள் நாற்காலிக் கையின் மேல் இருந்தன. தட்டவில்லை.

சதைத்துணுக்கு குப்பிக்குள் மிதந்தது.

"ஒரு மணி நேரத்துக்குத் தண்ணி குடிக்காதீங்க. மரப்பு போகட்டும்" என்றார் செண்பகவல்லி.

தங்கமாரியப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"நான் இரக்கப்பட்டுத்தானே வலிக்குதான்னு கேட்டேன் மேடம்? அதுல என்ன தப்பு?"

"என்னை ஏன் கேக்குறீங்க? அவரைக் கேளுங்க."

தங்கமாரியப்பன் மிக்கேல் பக்கம் திரும்பினார்.

"நான் செஞ்சப்ப வலிச்சுதா அண்ணாச்சி?"

"உசுரு போச்சு."

"இல்லைன்னு சொன்னீங்களே?"

மிக்கேல் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க மூஞ்சியப் பாத்தேன் டாக்டரையா. பாவமா இருந்துச்சு."