தோரணத்துக்குப் போன பூக்கள்

பெருங்காட்டை ஒட்டி ஒரு முள்ளுக்காடு இருந்தது. அங்கே இலந்தை பூக்கும், ஆனால் காய்க்காது. பூவுக்குப் பூ தாவி மகரந்தம் சேர்க்க ஒரு தேனீகூட இல்லை. பழம் இல்லாத காட்டில் யார் இருப்பார்கள்? கிளிகளும் அணில்களும் ஒவ்வொன்றாகப் பெருங்காட்டுக்குக் குடிபோயின.

மிஞ்சியது ஒரு மைனாவும் சில குரங்குகளும் ஒரு கௌதாரியும்தான். கௌதாரி நினைத்தாலும் போக முடியாது. இலந்தைப் புதரடியில், தும்பைச் செடிகளுக்கு நடுவே அது முட்டையிட்டிருந்தது. 'குஞ்சுகள் வந்து எதைத் தின்னும்?' என்று அதற்கு உட்கார்ந்தாலும் கவலை, எழுந்தாலும் கவலை.

மைனா ஒரு வழி சொன்னது. "பெருங்காட்டில் கிளைக்குக் கிளை தேன்கூடு. தேனீக்களுக்கு மூச்சுவிட இடமில்லை. இங்கே கூப்பிட்டால் வராமலா போவார்கள்?"

சொன்னதோடு நிற்காமல் பெருங்காட்டுக்குப் பறந்து, உச்சிக்கிளையில் உட்கார்ந்து கூவியது. "வாங்க, வாங்க! இங்கேயிருந்து ஒரே பறப்பு தூரம்! வருஷம் முழுக்கக் குளத்தில் தண்ணீர்! கரடி என்ற பேச்சே கிடையாது! முள்ளுக்காட்டில் முள்ளே கிடையாது!"

ஒரு தேனீக்கூட்டத்தின் ராணி, "நாளைக் காலையில் வந்து பார்க்கிறோம். பிடித்தால் தங்குகிறோம்" என்றது.

உடனே முள்ளுக்காடு பரபரத்தது. விருந்தாளி வந்தால் தோரணம் கட்ட வேண்டாமா? குரங்குகள் ஆவாரம்பூ, துத்திப்பூ என்று ஒன்று விடாமல் பறித்தன. கடைசியில் கௌதாரியின் தும்பைக்கு வந்தன.

"இதைத் தொடாதீங்கப்பா. என் முட்டைக்கு இதுதான் மறைப்பு. பருந்து பார்த்துடும்."

"ஊரே அலங்காரம் பண்ணுது. உங்களுக்கு மட்டும் என்னக்கா?"

"பூவையெல்லாம் பறிச்சுட்டா, வர்றவங்க எதைச் சாப்பிடுவாங்க?"

"இந்த அக்காவுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்தான்" என்று சிரித்துக்கொண்டே குரங்குகள் தும்பையை விட்டுவிட்டுப் போய்விட்டன.

மறுநாள் தேனீக்கள் வந்தன. தோரணம் ஜோராக இருந்தது. ராணி ஒரு பூவில் இறங்கியது. வாடல். அடுத்ததும் வாடல்.

"அலங்காரம் அழகுதான். சாப்பாடு எங்கே?" என்றது ராணி.

மைனா தொண்டையைச் செருமியது. அதற்குள் பின்னால் வந்த தேனீ ஒன்று, "ஐயோ, முள்ளு!" என்று கத்தியது.

"முள்ளே இல்லைன்னு சொன்ன மைனா எங்கே?" என்றது ராணி. மைனா இலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. தேனீக்கள் திரும்பிப் போகக் கிளம்பின.

நாலு பேர் முன்னால் பேசியே பழக்கமில்லாத கௌதாரி, முட்டையை விட்டு எழுந்து ஓடி வந்தது. "போயிடாதீங்கம்மா. என் வாசலில் கொஞ்சம் தும்பை இருக்கு. ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க."

தேனீக்கள் குடித்தன. தும்பைத்தேன் இனித்தது. ராணி மெதுவாகக் கேட்டது. "குளம் எப்படி?"

"கோடையில் வத்திடும். பாறை இடுக்கில் கசியுற தண்ணி மட்டும் இருக்கும். எருமைக்குப் போதாது, உங்களுக்குப் போதும்."

"கரடி?"

"ஒரு தடவை வந்துச்சு. இலந்தை முள்ளு மூக்கில் ஏறி, அலறிக்கிட்டு ஓடிச்சு. அப்புறம் இந்தப் பக்கமே வரலை."

தேனீக்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பெருங்காட்டில் கரடி கலைத்த கூடுகள் அவற்றுக்கு நினைவு வந்தன. ராணி சிரித்தேவிட்டது. "மைனா, இங்கே முள்ளு இருக்குன்னு சொல்லியிருந்தா நேத்தே வந்திருப்போமே!"

அன்றே இலந்தைப் புதருக்குள் கூடு எழும்பியது. பூப் பறித்த செடிகளும் மறுபடி பூத்தன. அந்த வருஷம் இலந்தை கிளை ஒடியக் காய்த்தது. உதிர்ந்த பழத்தைக் கௌதாரிக் குஞ்சுகள் கொத்திக்கொத்தித் தின்றன. 'இவ்வளவு தின்றால் வயிறு வலிக்குமே' என்று கௌதாரி கவலைப்பட்டது.

மைனா மறுபடி பெருங்காட்டுக்குப் போய்க் கூவியது. "வாங்க, வாங்க! எங்க ஊர் முள்ளு மாதிரி எங்கேயும் கிடையாது!"

வருகிறவர்களை மயக்க இருப்பதையும் பிய்த்துத் தோரணம் கட்டாமல், உள்ளதை உள்ளபடி காட்டினாலே நம்மோடு வாழ வேண்டியவர்கள் வந்து சேர்வார்கள்.