கடைசி மூவாயிரம்

ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு ஐம்பத்தாறு வயசு. தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அவர் குருவாக ஏற்றுக்கொண்ட சாமிக்கோ நாற்பத்தொன்றுதான். ஒரு காலத்தில் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்த மனுஷர், இப்போது ஊருக்கு வெளியே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மடத்தில் இருக்கிறார். "உங்களவிடச் சின்னவர் கால்லயா விழுதீங்க?" என்று கடையில் யாராவது கிண்டலடித்தால் அண்ணாச்சி கோபப்பட மாட்டார். "குடம் வாங்கும்போது வயசா பாக்கீங்க? ஓட்டை இருக்கான்னுதானே பாக்கீங்க?" என்பார். கேட்டவர் குடத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

ஒரு வியாழக்கிழமை அண்ணாச்சி மடத்துக்கு வந்து சாமி முன்னால் உட்கார்ந்தார்.

"சாமி, புதுக் கார் வாங்கப் போறேன். ஏமாறாம வாங்க ஒரு வழி சொல்லணும்."

முக்திக்கு வழி கேட்டு வந்திருக்கிறார்கள், கோர்ட்டு கேஸுக்கு வழி கேட்டும் வந்திருக்கிறார்கள். காருக்கு வழி கேட்டு அந்த மடத்துக்கு வந்த முதல் ஆள் இவர்தான். சாமி சிரிக்கவில்லை.

"முன்னால ஏமாந்திருக்கீங்களா?"

ஏமாந்திருந்தார். ஆறு வருசத்துக்கு முன்னால் அவரும் மச்சினன் சண்முகவேலும் ஒரே வாரத்தில் ஒரே மாடல் கார் வாங்கினார்கள். மச்சினனுக்கு முப்பதாயிரம் குறைவாகக் கிடைத்தது. நாள் முழுக்கப் பேரம் பேசிப் பிழைக்கிற மனுஷன் முப்பதாயிரத்தைக் கோட்டை விட்டார் என்பதை மச்சினன் அதற்கப்புறம் எந்தக் கல்யாண வீட்டிலும் சொல்லாமல் விட்டதில்லை. பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவனுக்குக்கூட அந்தக் கதை தெரியும். பணம் போனது அண்ணாச்சிக்கு அன்றோடு ஆறிவிட்டது. அந்தச் சிரிப்புதான் ஆறவே இல்லை.

"இந்தத் தடவையும் அவன் சிரிச்சான்னா, நான் நாலு பேரு மத்தியில தலைகாட்ட முடியாது சாமி."

"அன்னைக்கு ஷோரூம்ல என்ன பேசுனீங்க?"

"வெள்ளிக்கிழமை ஒம்பதுல இருந்து பத்தரைக்குள்ள வண்டி வெளிய வரணும், நல்ல நேரம் பாத்தாச்சுன்னு சொன்னேன். வீட்ல வெள்ளைக் கலர்தான் வேணுங்காங்கன்னு சொன்னேன். கூட்டினா அஞ்சு வர்ற நம்பர் கேட்டேன்."

"விலை?"

"அத கடைசியாக் கேட்டேன்."

"வெள்ளிக்கிழமைய விட்டா உங்களுக்கு வழியில்லன்னு நீங்களே சொல்லியாச்சு. அப்புறம் அவன் எதுக்குக் குறைக்கணும்?"

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். கடையில் ஒரு கல்யாணப் பார்ட்டி தேதியைச் சொல்லிவிட்டு அண்டாவுக்கு விலை கேட்டால் அவரே குறைக்க மாட்டார்.

"இந்தத் தடவை என்ன செய்ய?"

"விலைய மட்டும் கேளுங்க. கேட்டுட்டு சும்மா இருங்க. நாலு வருசமா இங்க வந்து மௌனம் பழகுதீங்கல்லா, அது போதும்."

அண்ணாச்சி அதோடு நிற்கவில்லை. பெட்டிக்கடைக்காரன் முதல் கார் மெக்கானிக் வரை விசாரித்தார். இன்சூரன்ஸை வெளியே போட்டால் எவ்வளவு மிச்சம், பில்லில் ஹேண்டிலிங் சார்ஜ் என்று ஒன்று போட்டால் அதை எப்படி எடுத்துவிடச் சொல்வது, போன வருசம் தயாரான வண்டியை இந்த வருச வண்டி என்று தலையில் கட்டாமல் எப்படிப் பார்ப்பது, எல்லாம் தெரிந்துகொண்டார். மாசக் கடைசி நாள் சாயங்காலம்தான் போக வேண்டும், அன்றைக்குத்தான் அவர்கள் கணக்கு முடிக்கத் தவிப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். சாமி சொல்லாத விஷயம் அது. அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் ஐந்தரைக்குத் திருநெல்வேலி ஷோரூமுக்குள் நுழைந்தார். ஜெசிந்தா என்ற பெண் வந்து உட்காரச் சொன்னாள். இருபத்துநாலு வயசு இருக்கும். காபி வந்தது. காபிக்குப் பின்னால் மேனேஜர் வந்தார், அவள் காதில் சொல்வதாக நினைத்து ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

"இந்த மாசம் அஞ்சு வண்டிதான் வித்திருக்கு. ஆறாவது இன்னைக்கு முடியலன்னா நாளையில இருந்து வர வேண்டாம்மா."

அண்ணாச்சிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. உள்ளதைச் சொன்னால், அந்த நிமிஷத்தில் அவளைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. மச்சினன் முகத்தைத்தான் நினைத்தார்.

விலையைக் கேட்டார். சொன்னாள். அவர் சும்மா இருந்தார்.

அவள் பதினைந்தாயிரம் குறைத்தாள். அவர் சும்மா இருந்தார். மேட், மட் ஃபிளாப், சீட் கவர் எல்லாம் சேர்த்தாள். ஹேண்டிலிங் சார்ஜ் தானாகவே போயிற்று. மேனேஜர் அறைக்கு இரண்டு தடவை நடந்தாள். ஏழு மணிக்கு முப்பத்தொன்பதாயிரம் குறைந்திருந்தது.

"இன்னும் மூவாயிரம்," என்றார் அண்ணாச்சி.

மூன்றாம் தடவை போய்விட்டு வந்தாள். "இதுக்கு மேல ஒரு ரூபா முடியாதுன்னுட்டாங்க சார்."

அவர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு கீறல் விழுந்த போனை எடுத்துக்கொண்டு கேஷியரிடம் போனாள், ரசீதோடு திரும்பி வந்தாள்.

"சரியாயிட்டு சார். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"மேனேஜர் ஒத்துக்கிட்டாரா?"

"இல்ல சார். அந்த மூவாயிரத்த நான்தான் கட்டியிருக்கேன். பரவால்ல சார், போடுங்க."

அண்ணாச்சி போட்டார்.

நாலாம் நாள் வண்டி வந்தது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, நேராக மச்சினன் வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு ஹார்ன் அடித்தார். அங்கே தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு மடத்துக்கு வந்தார். பின்சீட்டில் அவர் சம்சாரம் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள்.

அண்ணாச்சி மட்டும் உள்ளே போய் ஒன்று விடாமல் சொன்னார். மேனேஜர் சொன்னது, ஃபேனைப் பார்த்தது, கீறல் விழுந்த போன், எல்லாம்தான். அந்தக் கடைசி மூவாயிரத்துக்கு வரும்போது குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

"நீங்க சொன்ன மௌனந்தான் சாமி. பதினஞ்சு நிமிசம் வாயத் திறக்கல நான். அந்தப் பொண்ணே தாங்க முடியாம எடுத்துக் கட்டிட்டு."

"மச்சினன் என்ன சொன்னாரு?"

"மூச்சு விடல. நாப்பத்திரெண்டாயிரம்னதும் மூஞ்சி செத்துப்போச்சு."

"நல்லது. அந்தப் பொண்ணு வேலை?"

"தப்பிச்சிட்டுல்லா? நான் போனதாலதான ஆறாவது வண்டி ஆச்சு. அதுக்கும் லாபம், நமக்கும் லாபம்."

"சம்பளம் எவ்வளவாம்?"

"அதெல்லாம் கேக்கல சாமி."

சாமி எழுந்து வெளியே வந்தார். வெயிலில் நின்று வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். டயரைப் பார்த்தார், டிக்கியைத் திறந்து மூடினார்.

"நல்ல வண்டி அண்ணாச்சி. விலையும் நல்ல விலைதான்."

ஆறு வருசத்துக்கு அப்புறம் அண்ணாச்சிக்கு நெஞ்சு நிறைந்தது. முன் கதவைத் திறந்து பிடித்தார். "ஏறுங்க சாமி. குத்தாலம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வருவோம். உங்க கால் பட்டாத்தான் எனக்குத் திருப்தி."

சாமி குனிந்து உள்ளே பார்த்தார். சீட்டில் பாலிதீன் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை.

"எத்தனை பேரு உட்காரலாம்?"

"அஞ்சு பேரு தாராளமா."

சாமி ஏறவில்லை.

"அப்பம் எனக்குக் கடைசியா இடம் பாத்துக்கலாம் அண்ணாச்சி. வண்டிக்குப் பணம் போட்டவங்க மொதல்ல உட்காரட்டும். உங்களுக்கு ஸ்டியரிங். வீட்டம்மா ஏறியாச்சு. அந்தப் பொண்ணுக்கு எந்த இடம் வச்சிருக்கீங்க?"