மூன்று அகப்பைச் சோறு

ரயில் நம் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். தபால்காரன் தடியில் சலங்கையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராய் ஓடிய காலம். பிள்ளை பிறந்த தேதியைச் சர்க்கார் எழுதி வைக்காத காலம். அப்போதெல்லாம் பனையோலையில் சாதகம் எழுதி வீட்டுக் கூரை எரவாணத்தில் சொருகி வைப்பார்கள். ஓலை போனால் அந்த மனிதனின் வயதும் அதோடு போனதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு கதையைக் கேளுங்கள். பிள்ளைகள் கேட்டால் போதாது, பெரியவர்களும் கேட்க வேண்டும்.

கூவலூர் ஜமீனில் பயிர் வைத்துப் பிழைக்கும் ஒரு சம்சாரி இருந்தான். அவனுக்கு மூன்று கோட்டை விதைப்பாடு நன்செய் இருந்தது, ஒரு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது, செண்பகம் என்று ஆறு வயதில் ஒரு மகள் இருந்தாள். ஓர் ஆவணி மாதத்தில் அவன் மனைவி ஓர் ஆண்பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டு ஏழாம் நாள் கண்ணை மூடினாள். பத்தாம் நாள் அவனுக்கும் பேதி கண்டது.

போகிற உயிரைப் பிடித்துக்கொண்டு அவன் தன் தம்பி வெயிலுகந்தனைக் கூப்பிட்டான். "தம்பி, பிள்ளைக ரெண்டையும் ஒங்கிட்ட விட்டுட்டுப் போறேன். இவனுக்குப் பதினெட்டு ஆகட்டும். நிலத்தை அவன் கையில குடுத்துரு" என்றான். வெயிலுகந்தன் அண்ணன் காலைத் தொட்டுச் சத்தியம் செய்தான். அன்றைக்கு அவன் அழுத அழுகை பொய்யில்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கைக்குழந்தைக்கு நயினார் என்று பெயர் வைத்தார்கள். வெயிலுகந்தனின் மனைவி உலகம்மைக்கும் அப்போது கையில் பிள்ளை, பெயர் தளவாய். அவள் ஒரு பக்கம் தளவாய்க்கும் மறுபக்கம் நயினாருக்கும் பால் கொடுத்தாள். அழுதவனை முதலில் எடுத்தாளே ஒழிய, தான் பெற்றவனை முதலில் எடுத்ததில்லை.

பால் மறந்து பிள்ளைகள் சோற்றுக்கு வந்தார்கள். அதற்குள் வெயிலுகந்தனுக்கு அண்ணன் வயலின் நெல் ருசித்துவிட்டது. நெல் பத்தாயத்துச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டான். சமைக்கும் அரிசியை அவனே அளந்து போட்டான். உலகம்மை ஒருநாள் நயினார் இலையில் கொஞ்சம் கூடப் போட்டதைப் பார்த்ததும், அகப்பையையும் அவனே பிடித்துக்கொண்டான்.

அன்று முதல் தளவாய்க்கு மூன்று அகப்பைச் சோறு, நயினாருக்கு ஓர் அகப்பை, செண்பகத்துக்கும் ஓர் அகப்பை. அவள் தன்னுடையதில் பாதியைத் தம்பி இலைக்குத் தள்ளிவிடுவாள். எட்ட நின்று பார்த்த ஊரோ, "ஆம்பளை தன் கையால பரிமாறுதானே, என்ன பாசம்!" என்று மெச்சியது. இலையில் விழுந்ததை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

செண்பகம் வளர்ந்தாள். கட்டிக் கொடுத்தால் கேள்வி கேட்க ஒரு மாப்பிள்ளை வந்துவிடுவானே என்று வெயிலுகந்தன் அவளைக் கட்டிக் கொடுக்கவும் இல்லை. அவள் தம்பியின் வயதை விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாள். பதினெட்டாவது ஆவணி முடிந்தது. சித்தப்பா வாயைத் திறக்கவில்லை.

புரட்டாசியில் அவள் ஜமீன் அரண்மனைக்குப் போய் முறையிட்டாள். ஜமீன்தார் சாதக ஓலையைக் கேட்டார். "கறையான் தின்னுட்டு, மகாராஜா" என்றான் வெயிலுகந்தன். பிறகு நயினாரைப் பிடித்து முன்னால் நிறுத்தினான். விலா எலும்பு தெரிய, மீசை அரும்பாமல், அக்காவின் தோளுக்குக் கீழே நின்றான் நயினார். "நீங்களே பாருங்க. பதினாலுதான்." ஜமீன்தார் பார்த்தார். பதினாலு என்றே அவருக்கும் பட்டது. செண்பகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கார்த்திகையில் மறுபடி போனாள். பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சியைக் கூட்டி வரச் சொன்னார்கள். அவள் செத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஊரில் வேறு யாரும் வருஷத்தை எண்ணி வைத்திருக்கவில்லை. நயினாரை மறுபடி நிறுத்தினார்கள். மறுபடி பதினாலு. ஊரில் எல்லாருக்கும் வயது ஏறியது, இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏற மறுத்தது!

பங்குனியில் மூன்றாவது தடவை போனாள். ஜமீன்தாருக்கே சலித்துவிட்டது. "இந்தத் தடவை என்னம்மா கொண்டாந்திருக்கே?" என்றார்.

"ஒண்ணும் கொண்டாரல, மகாராஜா. எங்க சித்தப்பா எங்களை எப்படி வளத்தாகன்னு அவுக வாயாலயே ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க. அது போதும்."

வெயிலுகந்தனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. எத்தனையோ கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு அது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தான்.

"எங்க மதினி போன அன்னைக்கு இவன் ஏழு நாள் பிள்ளை, மகாராஜா. என் வீட்டுக்காரி அப்போ கைப்பிள்ளைக்காரி. எம்மவன் தளவாய்க்கு ஒரு பக்கம், இவனுக்கு ஒரு பக்கம்னு பால் குடுத்து வளத்தா. எந்தச் சித்தி செய்வா? சொல்லுங்க!"

சபையில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள்.

செண்பகம் கைகூப்பினாள். "சித்தப்பா சொன்னது அத்தனையும் நெசம், மகாராஜா. போன தை மாசம் இதே மண்டபத்துல, தளவாய்க்குப் பதினெட்டு முடிஞ்சுட்டுன்னு சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணி, அவனுக்கு ஊர் மணிய உத்தியோகம் வாங்கிக் குடுத்தாக. ஒரே மடியில பால் குடிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தனுக்குப் பதினெட்டு, ஒருத்தனுக்குப் பதினாலா?"

சபையில் இருந்தவர்கள் வெயிலுகந்தனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் லேசில் விடுகிற ஆளா? "எம்மவன் நாலு வயசு வரைக்கும் பால் மறக்கல, மகாராஜா. அவன் பெரியவன், இவன் சின்னவன்" என்றான்.

அப்படியும் பிள்ளைகள் உண்டுதானே. ஜமீன்தார் யோசித்தார். உலகம்மையை அழைத்துவரச் சொன்னார்.

உலகம்மை வந்து நின்றாள். பொய் சொன்னால் பால் கொடுத்த பிள்ளை தெருவில் நிற்பான். உண்மையைச் சொன்னால் அவளே தெருவில் நிற்கவேண்டி வரலாம், பிறந்த வீடும் அவளுக்கு இல்லை. புருஷன் அவளை முறைத்துப் பார்த்தான். பதினெட்டு வருஷமாக அந்தப் பார்வைக்குப் பயந்துதான் அவள் வாய் மூடியிருந்தாள். அன்றைக்கும் பயந்தாள். பயத்தோடுதான் பேசினாள்.

"எம்மவன் ஆவணி மூலத்தன்னைக்குப் பொறந்தான். அதுக்கு எட்டாம் நாள் நயினார் பொறந்தான். ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, மகாராஜா."

ஜமீன்தார் தளவாயையும் நயினாரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கச் சொன்னார். ஒருவன் வாசற்கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. இன்னொருவன் அவன் மார்பளவுகூட இல்லை. தளவாய் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரே பாலைக் குடிச்ச பிள்ளைக. இவன் ஏம்மா இப்படி இருக்கான்?" என்று கேட்டார் ஜமீன்தார்.

உலகம்மையின் கண் நிறைந்துவிட்டது. "பால் என் உடம்புல ஊறுனது, மகாராஜா. அதைக் குடுக்க நான் யாரையும் கேக்கல. சோறு அவுக கையில இருந்தது."

"ரெண்டு தடவை இந்தப் பிள்ளையை என் கண்ணால பாத்தேன். பசியைப் பாக்காம வயசைப் பாத்துட்டேன். அது என் குத்தம்" என்றார் ஜமீன்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். நன்செயும் கொடிக்காலும் அன்றைக்கே நயினார் கைக்குப் போகவேண்டும். செண்பகத்தின் கல்யாணத்துக்கு வெயிலுகந்தன் தன் சொந்த வயலில் ஒன்றைக் கொடுக்கவேண்டும். தளவாயின் மணியம் அவனிடமே இருக்கும், அவன் ஒரு பாவமும் அறியான். பத்தாயத்துச் சாவி உலகம்மையிடம் இருக்கும். வெயிலுகந்தன் இனி அந்த வீட்டில் அகப்பையைத் தொடக்கூடாது.

அன்று பகல் வீட்டில் இலை போட்டார்கள். உலகம்மை தன் கையால் பரிமாறினாள். நயினாருக்கு ஓர் அகப்பைச் சோறு வைத்துவிட்டுக் குழம்பு எடுக்கத் திரும்பினாள். அவள் திரும்பி வருவதற்குள் அவன் வெறுஞ்சோற்றையே தின்று முடித்து, இலையை மடித்து, எழுந்திருக்கக் கையை ஊன்றிவிட்டான். அவ்வளவுதான் சோறு என்பது அவனுடைய பதினெட்டு வருஷத்துப் பழக்கம்.

"உக்காருய்யா" என்றாள் உலகம்மை. மடித்த இலையைத் தன் கையால் பிரித்தாள். இரண்டாவது அகப்பை வைத்தாள். மூன்றாவதும் வைத்தாள். நயினார் சோற்றைப் பார்த்தான், பிறகு அக்காவைப் பார்த்தான். "இது அவ்வளவும் எனக்கா?" என்று கேட்டான். செண்பகம் தலையை ஆட்டினாள். அடுத்த இலையில் இருந்த தளவாய் பிசைந்த சோற்றைத் தின்ன முடியாமல் எழுந்து போனான்.

கதை இங்கே முடிகிறது, கேட்டவர்களே. தாய் தகப்பனற்ற பிள்ளைக்குக் காவலாய் நிற்பவன் அந்தப் பிள்ளையின் வயிற்றைத் தன் பிள்ளையின் வயிற்றைப் போல நிறைத்து, உரியதை உரிய நாளில் ஒப்படைக்க வேண்டும்.