ஆடு கொடுத்த சம்மதம்

உலகம்மைக்குச் சீடர்கள் அதிகம் இல்லை. வந்து சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அவள் வாய்க்குப் பயந்தே ஓடிவிட்டார்கள். ஓடாமல் நின்றவர்களில் ஒருவர் இசக்கியப்பன். அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் அவளை ‘அம்மை’ என்பார். அவள் அவரை ‘அண்ணாச்சி’ என்பாள். குருவே சீடனை அண்ணாச்சி என்று கூப்பிடும் மடம் வேறெங்காவது உண்டா என்று எனக்குத் தெரியாது.

மடம் என்று பேர்தான். செம்பூரணிக் குளத்தின் கரையில் ஒரு ஓட்டு வீடு, முன்னால் ஒரு புங்கமரம், அவ்வளவே. குளம்தான் பெரிது. நாலைந்து ஊர் வயலும் வாயும் அதை நம்பி இருந்தன.

அன்று கரையடி மாடன் கோயிலில் கொடைத் திருவிழா. இசக்கியப்பன் காலையிலேயே வந்துவிட்டார். காரை ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். அவர் செருப்பைக் கழற்றும்போதே உலகம்மை முகத்தைப் பார்த்துவிட்டாள்.

“சாப்பிட்டாச்சா?”

“பசிக்கல அம்மை.”

“பசிக்காத மூஞ்சியா இது? உக்காருங்க.”

உளுந்தங்களியை உருட்டி, நடுவில் குழி செய்து, நல்லெண்ணெய் ஊற்றி இலையில் வைத்துக் கொடுத்தாள். பசிக்காதவர் இரண்டு உருண்டை சாப்பிட்டார். அவள் எதிரில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். பதவி வந்த பிறகு மனிதர் கொஞ்சம் பருத்திருந்தார். அவளுக்கு அதுவும் பிடித்துத்தான் இருந்தது.

“இப்பச் சொல்லுங்க.”

“கொம்பையா என் வீட்ல கை நனைக்க மாட்டேன்னுட்டார்.”

கொம்பையா அவருடைய தங்கை கணவர். குளத்துத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் விவசாயம். முந்தின நாள் வீட்டுக்கு வந்தவர், இலை போட்டு அழைத்தும் உட்காரவில்லை. நின்றபடியே, ‘வெலபோன வீட்டுச் சோறு எனக்கு எறங்காது மச்சான்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். தங்கை அழுதுகொண்டே பின்னால் போனாளாம்.

“எதுக்கு அப்படிச் சொன்னார்?”

“சட்டசபையில ஒரு மசோதா அம்மை. குளங்களக் காக்கறதுக்கு. அதுல ஒரு பிரிவு இருக்கு. எந்த ஆலையும் குளத்துத் தண்ணிய எடுக்கக் கூடாதுன்னு. அத வச்சுக்கிடணுமா, நீக்கணுமான்னு திங்கக்கிழம குழுவுல ஓட்டு. ரெண்டு பக்கமும் சமமா நிக்காவ. நான் குழுத் தலைவர். என் கைதான் கடைசிக் கை.”

“எந்தப் பக்கம் தூக்கப் போறிய?”

“நீக்கிரலாம்னுதான்…”

“நீக்கினா?”

“குளிர்பானக் கம்பெனி இங்க வரும். நம்ம குளத்துலேர்ந்து குழாய் போடுவாவ. நாலு பேருக்கு வேலை கெடைக்கும்.”

“கொம்பையா வயலுக்கு?”

“மழை பெய்யாமலா போயிரும்?”

உலகம்மை விசிறியை மடியில் வைத்தாள்.

“இதெல்லாம் யாரு சொன்னா அண்ணாச்சி?”

“யாரும் சொல்லல. நானா யோசிச்சு எடுத்த முடிவு.” பிறகு, நினைத்துக்கொண்டவர்போலச் சொன்னார்: “சுகந்தன்னு ஒரு தம்பி. அந்தக் கம்பெனிக்காரர்தான். அவர் மசோதாவ எளிய தமிழ்ல வெளக்கினார். ஆனா இப்படித் தூக்குங்கன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. தங்கமான மனுசன்.”

தங்கமான மனிதர்தான். இசக்கியப்பனின் மனைவிக்கு முட்டிவலி என்றால் எந்த டாக்டர் என்று சுகந்தனுக்குத் தெரியும். பேரனுக்கு எந்தப் பள்ளி என்று தெரியும். இசக்கியப்பனின் அம்மா இறந்தபோது பாடை கட்டும் இடத்தில் முதல் ஆளாக நின்றவர் அவர். தொகுதியில் பள்ளிக்கூடங்களுக்கு வெள்ளையடித்தது கம்பெனி. அன்றைய கொடைக்குச் சீரியல் விளக்குப் போட்டதும் கம்பெனிதான். ஆனால் சுகந்தன் ஒருநாளும் ஒரு கவரை நீட்டியதில்லை. ‘இந்தப் பக்கமா வந்தேன் ஐயா, பாத்துட்டுப் போலாம்னு’ என்பார். காபி குடிப்பார். போய்விடுவார். கையில் ஒன்றும் கொடுக்காமலே வீடு முழுக்க நிறைந்திருப்பதும் ஒரு வித்தைதான்.

“கடைமடைக்காரங்க வந்து வெளக்கலியா?”

“வந்தாவளாம். வாசல் கூட்டத்துல நின்னுட்டுப் போயிட்டாவளாம்.”

“ஓ.”

அந்த ‘ஓ’ இசக்கியப்பனுக்குச் சுருக்கென்றது. இலையை மடித்தார். குரல் உயர்ந்தது.

“அம்மை, நான் கை நீட்டி ஒத்த ரூவா வாங்கினதில்ல. என்னை யாரும் மெரட்டல. என் மனசறிஞ்சு கை தூக்கப் போறேன். அதப் போயி வெலபோனதுன்னா எப்படி? நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா ஏத்துக்கிடுதேன்.”

கோயில் பக்கம் கொட்டுச் சத்தம் கேட்டது.

“மொதல்ல கையக் கழுவுங்க. கொடைக்குப் போவோம்.”

“பதிலு?”

“மாடன் வருசம் பூரா காத்துக்கிட்டிருந்தான். நீங்க கொஞ்ச நேரம் காத்திருந்தாக் கொறஞ்சா போயிருவிய?”

இரண்டு பேரும் கரைமேல் நடந்தார்கள். வழியெல்லாம் கும்பிடு. இசக்கியப்பன் ஒவ்வொரு கும்பிடுக்கும் நின்று பதில் கும்பிடு போட்டார். அவர் அப்படித்தான், யாரையும் உதாசீனம் செய்யத் தெரியாதவர். உலகம்மைக்கு அவரிடம் மிகவும் பிடித்த குணம் அது. அவளைக் கவலைப்பட வைத்ததும் அதே குணம்தான்.

கோயிலில் கூட்டம் நெரிந்தது. உலகம்மை கிடா வெட்டுவதைப் பார்க்க மாட்டாள். கொஞ்சம் தள்ளி ஒரு ஆலமரத்தடியில் நின்றுகொண்டாள். இசக்கியப்பனை மட்டும் ஊரார் முன்வரிசைக்கு இழுத்துப் போனார்கள்.

அந்த ஊரில் நேர்ந்துவிட்ட கிடாவை அப்படியே வெட்டிவிட மாட்டார்கள். மாலை போடுவார்கள். தின்ன அகத்திக்குழை கொடுப்பார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது தலையை உதறினால் சம்மதம் கொடுத்துவிட்டதாக அர்த்தம். அதற்கப்புறம்தான் அரிவாள். சம்மதம் இல்லாமல் வெட்டுவது பாவம் என்பதில் ஊர்க்காரர்கள் ரொம்பக் கண்டிப்பு.

அன்றைய கிடா கறுப்பு. நல்ல வளர்த்தி. பூசாரி தண்ணீர் தெளித்தார். அது குழையைத் தின்றுகொண்டு நின்றது. மறுபடியும் தெளித்தார். வாலை மட்டும் ஆட்டியது. கொட்டுக்காரர்கள் வேகம் கூட்டினார்கள். கிடா பிள்ளையார்போல அசையாமல் நின்றது.

“என்ன குத்தமோ தெரியலியே,” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். பூசாரிக்கு வேர்த்துவிட்டது.

“எம்மெல்லே ஐயா, நீங்க ஒரு கை தெளிங்களேன்.”

இசக்கியப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். சின்ன வயதில் அப்பாவோடு ஆடு மேய்த்தவர் அவர். கிடாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். கழுத்தைத் தடவிக் கொடுத்தார். “என்ன ராசா, என்ன கோவம்?” என்று கேட்டார். தாடைக்குக் கீழே சொறிந்தார். கிடா மெல்ல வந்து அவர் முழங்காலில் முகத்தைச் சாய்த்துக்கொண்டது. எவ்வளவு நம்பிக்கை அதற்கு. அவர் செம்பைச் சாய்த்து, ஒரு மிடறு தண்ணீரை அதன் காதில் விட்டார்.

கிடா கொம்பும் மாலையும் பறக்க உதறியது.

“குடுத்துட்டு! சம்மதம் குடுத்துட்டு!”

குலவை எழுந்தது. நாலு பேர் இசக்கியப்பனைத் தூக்காத குறை. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆலமரத்தடிக்கு வந்தார். காலையில் இருந்த வாட்டம் முகத்தில் இல்லை.

“பாத்தியளா அம்மை? அவ்வளவு நேரம் நின்னுச்சு. நான் தொட்டதும் குடுத்துட்டு!”

“பாத்தேன். தண்ணிய எங்க ஊத்துனிய?”

இசக்கியப்பன் சிரித்தார். குரலைத் தாழ்த்தினார்.

“காதுல. வெளிய சொல்லிராதிய. முதுகுல தெளிச்சா சில ஆடு சும்மா நிக்கும். காதுல போயிட்டா எந்த ஆடும் ஒதறித்தான் ஆகணும்.”

“அத அடிச்சியளா?”

“சேச்சே. தடவிக் குடுத்தேன்.”

“மெரட்டுனியளா?”

“நல்ல வார்த்ததான் பேசுனேன். ராசான்னு கூப்பிட்டேன்.”

“கையில ஏதும் குடுத்தியளா?”

“ஆட்டுக்குக் கையில என்னத்தக் குடுக்க? கொஞ்சம் கொழை, ஒரு மாலை…”

சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

“அப்ப, சம்மதம் யாரு குடுத்தது அண்ணாச்சி?”

கொட்டு உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று நின்றது. கூட்டம் ‘மாடசாமி!’ என்று கத்தியது. இசக்கியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உலகம்மை அந்தக் கையைப் பிடித்து, தன் முந்தானையால் விரல் விரலாகத் துடைத்துவிட்டாள். அவர்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம். பிரியம் இல்லாதவர்களிடம் அவள் ஒரு கேள்வியோடு நிறுத்திவிடுவாள்.

குளத்துக் கரையில் கடைமடைக்காரர்கள் பொங்கல் பானைகளோடு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் கொம்பையாவும் இருந்தார். தோளில் பிள்ளை. மச்சானைப் பார்த்ததும் முகத்தைக் குளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிள்ளைதான் ‘மாமா’ என்று கை ஆட்டியது. இசக்கியப்பனுக்கு அந்தக் கையைப் பார்த்துத் தன் கையை உயர்த்தத் தைரியம் வரவில்லை.

அவர்கள் கடந்து போனார்கள். பிறகு இசக்கியப்பன் கேட்டார்.

“அது வாயில்லா சீவன் அம்மை. காதுல தண்ணி போனதும் தன்னை அறியாம ஒதறுச்சு. எனக்குப் புத்தி இருக்கு. நாலையும் யோசிச்சுத்தானே… என்னையும் அந்த ஆட்டையும் ஒண்ணாச் சொல்லுதியளே, இது ஞாயமா?”

உலகம்மை அவர் கையை விடவில்லை.

“ஒண்ணுன்னு நான் எப்பச் சொன்னேன் அண்ணாச்சி? ஆடு தலையாட்டினா, போறது அதோட கழுத்துதான்.”